கடைசி வீட்டுக் குழாயில் குளோரின் வருகிறதா? ஊராட்சிக் குடிநீர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு போர்வெல், ஒரு மோட்டார் ரூம், 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி, நாலு தெருவுக்குப் பைப் லைன், காலையும் மாலையும் வால்வு திருப்ப ஒரு ஆள். தமிழ்நாட்டில் பல கிராமங்களின் குடிநீர் ஏற்பாடு இவ்வளவுதான். இதை நம்பி ஐந்நூறு அறுநூறு பேர் இருக்கிறார்கள். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பல வருடம் வேலை பார்த்தேன். இப்போது கிராமக் குடிநீர்க் குழுப் பெண்களுக்கும் தொட்டி இயக்குபவர்களுக்கும் பயிற்சி கொடுக்கிறேன். போகிற ஊரிலெல்லாம் கேட்கிற கேள்விகள்தான் கீழே இருப்பவை. பதில்களில் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வரும்: தொட்டிக்கு அடியில் தண்ணீர் நன்றாக இருந்தால் போதாது, பைப் லைனின் கடைசி வீட்டில் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

தண்ணீர் நல்லதா என்று பார்ப்பது யாருடைய பொறுப்பு?

ஊராட்சியின் பொறுப்பு. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் குடிநீர் வழங்குவதை ஊராட்சியின் கடமைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. கூட்டுக் குடிநீர்த் திட்டமாக இருந்தால், குடிநீர் வடிகால் வாரியம் ஊர்த் தொட்டி வரை தண்ணீரைக் கொண்டுவந்து சேர்க்கும். அங்கிருந்து வீட்டுக் குழாய் வரை ஊராட்சி பார்க்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுகாதார ஆய்வாளர் வந்து குளோரின் அளவைச் சோதிப்பார். ஆனால் போடுவது அவர் வேலை அல்ல.

2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தில் ஒவ்வொரு கிராமத்துக்கும் 10 முதல் 15 பேர் கொண்ட குடிநீர், சுகாதாரக் குழு உண்டு. அதில் பாதிப்பேர் பெண்கள். தண்ணீரைச் சோதிக்க ஊருக்கு 5 பெண்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்பதும் அதே திட்டத்தில் இருக்கிறது. உங்கள் ஊரில் அந்த 5 பேர் யார் என்று கேட்டுப் பாருங்கள். பெயர் மட்டும் காகிதத்தில் இருந்து, அவர்களுக்கே அது தெரியாத ஊர்களைப் பார்த்திருக்கிறேன்.

போர்வெல் தண்ணீர் பூமிக்கு அடியிலிருந்து வருகிறது. அது சுத்தம்தானே, குளோரின் எதற்கு?

ஆழமான போர்வெல்லில் கிருமி குறைவாகத்தான் இருக்கும். கெடுவதெல்லாம் அதற்குப் பிறகு வருகிற வழியில். மூடி இல்லாத தொட்டியில் காக்கையும் புறாவும் வந்து போகும். சாக்கடையைக் குறுக்கே கடக்கிற பைப்பில் ஒரு ஜாயின்ட் தளர்ந்திருக்கும். வால்வு குழி மழைநீரில் மூழ்கியிருக்கும்.

இதில் பெரிய ஆபத்து, தண்ணீர் விட்டு விட்டு வருவது. காலையில் ஒரு மணி நேரம் விட்டு வால்வை மூடுகிறோம். மேட்டுத் தெரு பைப்பில் இருந்த தண்ணீர் பள்ளத்துத் தெரு வழியாக வடிந்துவிடும். காலியான பைப், விரிசல் எங்கே இருக்கிறதோ அங்கே வெளியில் தேங்கிக் கிடப்பதை உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுநாள் வால்வு திறந்ததும் முதல் குடத்தில் வருவது அதுதான். பள்ளத்துத் தெருவில் முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பிடிக்கிற வழக்கம் சும்மா வந்ததில்லை.

ஒரு ஊரில் தொட்டிக்கு அடியில் குளோரின் லிட்டருக்கு 0.8 மில்லிகிராம் இருந்தது. கடைசித் தெருவில் பூஜ்யம். பைப் போகிற வழியிலேயே வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு போனோம். ஒரு வீட்டில் குழாயைக் குழிக்குள் இறக்கி வைத்திருந்தார்கள். குழியில் முழங்கால் அளவுக்குப் பச்சையாகத் தண்ணீர், குழாயின் வாய் அதற்குள் மூழ்கிக் கிடந்தது. வால்வை மூடியதும் அந்தத் தண்ணீர் பின்னோக்கிப் போய் லைனுக்குள் கலந்துகொண்டிருந்தது. அந்த வீட்டு அம்மா சொன்னார்: "தப்புன்னு தெரியுதும்மா. ஆனா மேல வெச்சா சொட்டுச் சொட்டாத்தான் வருது, நான் எப்பப் புடிச்சு எப்ப வேலைக்குப் போறது?" அவர் மேல் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடைசித் தெருவுக்குத் தனி வால்வு வைத்து, முறை வைத்துத் தண்ணீர் விட்ட பிறகுதான் குழிகளை மூடச் சொல்ல முடிந்தது. பிரஷர் கொடுக்காமல் குழியை மூடச் சொல்வது நியாயமில்லை. வீட்டு மோட்டாரை நேராக லைனில் மாட்டி உறிஞ்சுவது வேறு கதை. அதை ஊராட்சி பிடுங்கத்தான் வேண்டும், அந்த ஒரு மோட்டார் அடுத்த பத்து வீட்டின் பைப்பைக் காலியாக்குகிறது.

இந்த வழிக் கோளாறுகளை ஒரே நாளில் சரிசெய்ய முடியாது. அதுவரை காப்பாற்றுவது தண்ணீரோடு கூடவே பயணம் செய்கிற அந்தத் துளி குளோரின்தான். கொதிக்க வைத்தாலும் வடிகட்டினாலும் அந்த நேரத்தில் இருக்கிற கிருமி போகும், ஆனால் அதற்குப் பிறகு புதிதாகக் கலப்பதைக் கொல்ல அவற்றால் முடியாது.

30,000 லிட்டர் தொட்டிக்கு எவ்வளவு பிளீச்சிங் பவுடர்? எப்படிக் கலப்பது?

ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம். இதை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். 30,000 லிட்டருக்கு 120 கிராம்.

கணக்கு இதுதான். பவுடரில் நான்கில் ஒரு பங்கு, அதாவது 25 சதவீதம், குளோரின் இருப்பதாக வைத்துக்கொண்டால் 4 கிராம் பவுடரில் 1 கிராம் குளோரின். அது ஆயிரம் லிட்டரில் கலந்தால் லிட்டருக்கு 1 மில்லிகிராம். புதுப் பவுடரில் 33 சதவீதம் வரைக்கும் இருக்கும், அப்போது 90 கிராமே போதும். பழசாகி 15 சதவீதத்துக்கு இறங்கிவிட்டால் 200 கிராம் வேண்டும். ஆகவே 120 என்பது தொடங்குகிற இடம். கடைசி வீட்டில் அளந்து பார்த்து ஏற்றி இறக்கிக்கொள்ள வேண்டும்.

தொட்டியின் கொள்ளளவைப் பார்த்துப் போடக் கூடாது, ஏறுகிற தண்ணீரைப் பார்த்துப் போட வேண்டும். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை தொட்டியை நிரப்பினால் இரண்டு தடவையும் போட வேண்டும். பாதித் தொட்டி ஏற்றினால் பாதி அளவு.

கலக்கும் முறை: பிளாஸ்டிக் வாளியில் பவுடரைக் கொட்டி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு முதலில் தோசை மாவு மாதிரி குழைக்க வேண்டும். பிறகு வாளி முக்கால் நிரம்பத் தண்ணீர் விட்டுக் கலக்கி, அரை மணி நேரம் தெளிய விட வேண்டும். சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் எடுத்து, மோட்டார் ஓடித் தொட்டி நிரம்பிக்கொண்டிருக்கும்போது ஊற்ற வேண்டும், அப்போதுதான் நன்றாகக் கலக்கும். வண்டலைத் தொட்டிக்குள் ஊற்றினால் அடியில் சேறாகச் சேரும். நிரம்பிய பிறகு குறைந்தது அரை மணி நேரம் கழித்தே வால்வைத் திறக்க வேண்டும். கிருமியைக் கொல்ல குளோரினுக்கு அவகாசம் வேண்டும்.

பவுடரைக் கோணியில் கட்டித் தொட்டிக்குள் தொங்கவிடுவது, அள்ளி மேலேயிருந்து தூவுவது இரண்டும் வேண்டாம். முதல் குடத்தில் நெடி, கடைசிக் குடத்தில் ஒன்றும் இல்லை என்றாகிவிடும். மோட்டார் ஓடும்போதே தொட்டிக்கு ஏற்றாமல் நேராகத் தெருவுக்குத் தண்ணீர் விடுகிற ஊர்களும் உண்டு. அப்படி விட்டால் தொட்டியில் போட்ட மருந்து அந்தத் தண்ணீருக்குச் சேரவே சேராது.

தராசு இல்லையா? மளிகைக் கடையில் ஒரே ஒரு தடவை 120 கிராம் நிறுத்து, ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் கொட்டி, கோடு போட்டுக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு கோடு வரை அள்ளினால் போதும்.

மூட்டை ஆறு மாதமாக மோட்டார் ரூமில் கிடக்கிறது. பயன்படுத்தலாமா?

வெயிலும் ஈரமும் பட்டால் குளோரின் பறந்துபோய்ச் சுண்ணாம்புதான் மிஞ்சும். வெள்ளையாகத்தான் இருக்கும், பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு சோதனை இருக்கிறது. 1 லிட்டர் தண்ணீரில் 1 கிராம் பவுடரைக் கலக்குங்கள். அதிலிருந்து 40 மில்லி எடுத்து, 10 லிட்டர் நல்ல தண்ணீரில் ஊற்றுங்கள். அரை மணி நேரம் கழித்துக் குளோரோஸ்கோப்பில், அதாவது நிறத்தை வைத்துக் குளோரின் அளவு காட்டுகிற சிறு கருவியில், பாருங்கள். நல்ல பவுடராக இருந்தால் 1-ஐ ஒட்டி வரும். 0.3 வந்தால் உங்கள் பவுடரில் வீரியம் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கிறது. ஒன்றுமே வரவில்லை என்றால் அந்த மூட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்.

வாங்கும்போது தயாரிப்புத் தேதி பாருங்கள். ஒரு வருடத்துக்கு மொத்தமாக வாங்கிக் குவிக்காதீர்கள். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டிரம்மில், தரையில் படாமல், நிழலில் வையுங்கள். மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் அந்த ஆவி செம்புக் கம்பியை அரித்துவிடும்.

குளோரின் அளவை எப்போது, எங்கே பார்க்க வேண்டும்?

தினமும், தண்ணீர் விடுகிற நேரத்தில். தொட்டிக்குப் பக்கத்துக் குழாயில் ஒன்று, நடுவில் ஒன்று, லைன் முடிகிற வீட்டில் ஒன்று. கடைசி வீட்டில் 0.2 மில்லிகிராம் கட்டாயம் இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 சொல்வது இதைத்தான். காமாலை போன்ற வைரஸ் நோய் பரவும் காலத்தில் 0.5 வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. கடைசியில் 0.2 கிடைக்க, தொட்டியிலிருந்து இறங்கும்போது 0.5 முதல் 1 வரை இருக்குமாறு பார்த்துக்கொள்வது என் வழக்கம்.

குளோரோஸ்கோப் குழாயில் கோடு வரை தண்ணீர் பிடித்து, மருந்துச் சொட்டு விட்டு, வருகிற மஞ்சள் நிறத்தைப் பக்கத்து வண்ணத்தோடு ஒப்பிட வேண்டும். உடனே, பத்து விநாடிக்குள் பார்க்க வேண்டும். தாமதித்தால் நிறம் ஏறிக்கொண்டே போகும், அது கிருமியைக் கொல்லும் குளோரினின் அளவைக் காட்டாது. மருந்தே பாட்டிலில் மஞ்சளாகிவிட்டால் கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தம். அந்த மருந்து உடம்புக்கு ஆகாது. கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சோதித்த தண்ணீரை யாரும் புழங்காத இடத்தில் கொட்டுங்கள், பாட்டிலைக் குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள். இளஞ்சிவப்பு நிறம் காட்டுகிற டி.பி.டி. மாத்திரை கிடைத்தால் அதையே வாங்குங்கள், அது பாதுகாப்பானது.

பிளீச்சிங் வாடை அடிக்கிறது, குடிக்க முடியவில்லை என்று சண்டைக்கு வருகிறார்கள். புற்றுநோய் வரும் என்றும் சொல்கிறார்களே?

உலக சுகாதார நிறுவனம் குளோரினுக்கு வைத்திருக்கிற உடல்நல வரம்பு லிட்டருக்கு 5 மில்லிகிராம். நாம் கொடுப்பது அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாது. குப்பை கலந்த தண்ணீரில் குளோரின் சேரும்போது சில வேண்டாத பொருட்கள் உண்டாவது உண்மைதான். அதற்குப் பயந்து கிருமி நீக்கத்தை விட்டுவிடக் கூடாது என்று அதே நிறுவனம் சொல்கிறது. விட்டுவிட்டால் பேதி இந்த வாரமே வரும், காமாலை சில வாரத்தில் வரும்.

வாடைக்கு வழி எளிது. குடத்தில் பிடித்து, மெல்லிய துணியால் மூடி, சில மணி நேரம் வைத்தால் போய்விடும். ஆனால் இந்தப் புகார் வந்தால் ஒருமுறை அளந்து பாருங்கள். ஒரு நாள் போடாமல் விட்டு, மறுநாள் இரண்டு நாளைக்கும் சேர்த்துப் போட்டிருப்பார்கள். மக்கள் வெறுப்பது பெரும்பாலும் அந்த ஏற்ற இறக்கத்தைத்தான். தினமும் ஒரே அளவாக வந்தால் இரண்டு வாரத்தில் நாக்கு பழகிவிடும்.

குளோரின் போட்டதும் தண்ணீர் செம்மண் நிறமாக மாறுகிறதே?

உங்கள் போர்வெல்லில் இரும்பு இருக்கிறது. கரைந்திருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது, குளோரின் பட்டதும் துருவாகப் பிரிந்து நிற்கும். குளோரினின் ஒரு பகுதியை இரும்பே தின்றுவிடும் என்பதால் அளவு கூடுதலாகத் தேவைப்படும். தொட்டியில் தெளிய நேரம் கொடுங்கள், அடி வால்வைத் திறந்து வண்டலை அடிக்கடி வெளியேற்றுங்கள். மிக அதிகமாக இருந்தால் இரும்பு நீக்கும் வடிகட்டி தேவை, அதற்கு வாரியப் பொறியாளரிடம்தான் போக வேண்டும்.

திறந்த கிணறுதான் எங்களுக்கு. அதற்கு எப்படி?

விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, தண்ணீரின் ஆழத்தால் பெருக்கி, 3.14-ஆல் பெருக்கி, நான்கால் வகுங்கள். எல்லாம் மீட்டரில். வருவது எத்தனை ஆயிரம் லிட்டர் என்பது. 3 மீட்டர் விட்டம், 4 மீட்டர் தண்ணீர் என்றால் ஏறக்குறைய 28,000 லிட்டர், பவுடர் 113 கிராம். ராத்திரியில் கடைசிக் குடம் சேந்திய பிறகு, பவுடரைக் கரைத்து மேலே தெளிந்ததை ஊற்றி, வாளியை மேலும் கீழும் ஆட்டிக் கலக்கி விடுங்கள், காலையில் எடுக்கலாம்.

லேபில் எத்தனை தடவை சோதிக்க வேண்டும்? மாதிரி எடுப்பதில் என்ன இருக்கிறது?

ஒவ்வொரு நீர் ஆதாரத்துக்கும் ரசாயனச் சோதனை வருடத்துக்கு ஒரு தடவை, கிருமிச் சோதனை மழைக்கு முன்னும் பின்னுமாக இரண்டு தடவை. இது அடிப்படை அளவு. மாவட்டந்தோறும் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. ஊராட்சிதான் போக வேண்டும் என்பதில்லை, நீங்களே உங்கள் வீட்டுத் தண்ணீரைக் கொண்டுபோய்க் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம்.

மாதிரி எடுப்பதில் எல்லாமே இருக்கிறது. குளிர்பானப் பாட்டிலை அலசிப் பிடித்து வந்த தண்ணீரில் கிருமி இருந்தால் அது உங்கள் ஊர்க் கிருமியா, பாட்டில் கிருமியா? கிருமிச் சோதனைக்கு லேபிலேயே சுத்திகரித்த பாட்டில் கொடுப்பார்கள். அதை அலசவே கூடாது, உள்ளே குளோரினை முறிக்கும் மருந்து போட்டிருப்பார்கள். அந்த மருந்து இல்லாத பாட்டிலில் பிடித்தால், லேபுக்குப் போகிற வழியெல்லாம் குளோரின் வேலை செய்துகொண்டே இருந்து, இருந்த கிருமியும் செத்து, முடிவு நல்லபடியாக வந்துவிடும். குழாய் வாயைத் துடைத்து, தீயில் காட்டி, இரண்டு நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, மூடியின் உள்பக்கம் விரல் படாமல் பிடித்து, கொஞ்சம் காலியிடம் விட்டு மூடுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொண்டுபோய்ச் சேருங்கள், எப்படியும் 24 மணி நேரத்துக்குள். ரசாயனச் சோதனைக்கு இவ்வளவு கெடுபிடி இல்லை. சுத்தமான 2 லிட்டர் கேனை அதே தண்ணீரால் மூன்று தடவை அலசிப் பிடித்தால் போதும்.

மோட்டார் ரூம் குழாயில் மட்டும் மாதிரி எடுத்து அனுப்பிவிட்டு ஊருக்கே சான்றிதழ் வாங்கியதாக நினைக்காதீர்கள். ரசாயனத்துக்கு அங்கே எடுங்கள். கிருமிக்குக் கடைசி வீட்டில்.

லேப் ரிப்போர்ட்டில் இரண்டு வரம்பு போட்டிருக்கிறார்கள். எதைப் பார்ப்பது?

முதலாவது, இதற்குள் இருந்தால் நல்லது என்ற அளவு. இரண்டாவது, வேறு ஆதாரமே இல்லாத ஊரில் பொறுத்துக்கொள்ளக்கூடிய அளவு. லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில், மொத்தக் கரைபொருளுக்கு (டி.டி.எஸ்.) 500-ம் 2000-ம், கடினத்தன்மைக்கு 200-ம் 600-ம், குளோரைடுக்கு 250-ம் 1000-ம். உப்பும் கடினமும் இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தால் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளை படியும். ஆனால் அதனால் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை.

பேச்சுக்கே இடமில்லாதவை வேறு. மலத்தோடு வருகிற ஈ.கோலை கிருமி 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. நைட்ரேட் 45-க்கு மேல் போகக் கூடாது, அதற்கு இரண்டாவது வரம்பே கிடையாது. ஃபுளோரைடு 1, மிஞ்சினால் 1.5. ரிப்போர்ட் கையில் வந்ததும் முதலில் இந்த மூன்று வரியைப் பாருங்கள். உப்பைப் பற்றி ஊரே பேசும், இந்த மூன்றுக்கும் நாக்கில் ருசி கிடையாது.

ஃபுளோரைடு 2-க்கு மேல் வந்திருக்கிறது. என்ன செய்ய?

முதலில், காய்ச்சாதீர்கள். தண்ணீர் ஆவியாகும், ஃபுளோரைடு அப்படியே நிற்கும், அளவு கூடத்தான் செய்யும். குளோரினாலும் ஒன்றும் ஆகாது. குழந்தைகளுக்கு நிரந்தரப் பல் ஈறுக்குள் உருவாகிற வயதில், எட்டு வயது வரைக்கும், இது சேர்ந்தால் பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை விழும். வருடக்கணக்கில் அதிகமாகக் குடித்தவர்களுக்கு எலும்பும் மூட்டும் இறுகும். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து மக்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே காவிரித் தண்ணீரைக் கொண்டுவந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்குப் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பு என்று சேர்த்திருக்கிறார்கள்.

வேறு ஆதாரம் கிடைத்தால் அதுதான் தீர்வு. கொஞ்சம் ஆற்றுத் தண்ணீர் மட்டும் கிடைத்தால் கலந்து கொடுக்கலாம். போர்வெல்லில் 2.4, ஆற்றுத் தண்ணீரில் 0.3 என்றால், சரிபாதி கலந்தால் 1.35. ஆறு இரண்டு பங்கு, போர் ஒரு பங்கு என்றால் சரியாக 1. இதைத் தொட்டியில் சேர்த்துச் செய்ய வேண்டும். ஒரு நாள் ஆற்றுத் தண்ணீர், மறுநாள் போர்த் தண்ணீர் என்று மாற்றி மாற்றி விட்டுவிட்டு, கலந்து கொடுத்ததாகக் கணக்கு எழுதக் கூடாது. அதுவும் முடியாத ஊரில், போர்த் தண்ணீரைப் புழங்க மட்டும் விட்டு, குடிக்கவும் சமைக்கவும் மட்டும் தனியாக நல்ல தண்ணீர் கொடுங்கள். பள்ளிக்கூடத்துக்கும் அங்கன்வாடிக்கும் முதலில்.

நைட்ரேட் யாருக்கு ஆபத்து?

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு, அதுவும் புட்டிப்பால் குடிக்கிற குழந்தைக்கு. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் உதடும் நகமும் நீலமாகும். இதையும் காய்ச்சி நீக்க முடியாது. அந்தத் தண்ணீரில் பால் கலக்க வேண்டாம் என்று கைக்குழந்தை இருக்கிற ஒவ்வொரு வீட்டிலும் போய்ச் சொல்லுங்கள். அளவு ஏறுகிறது என்றால் போர்வெல்லைச் சுற்றிப் பாருங்கள்: உறிஞ்சு குழிக் கழிப்பறை, மாட்டுத் தொழுவம், எருக்குழி, யூரியா நிறையப் போடுகிற வயல், இவற்றில் ஏதாவது இருக்கும்.

பரிசோதனைப் பெட்டியில் வந்த பாட்டில் கறுப்பாகிவிட்டது. பயப்பட வேண்டுமா?

பயம் வேண்டாம், ஆனால் அன்றைக்கே வேலை பார்க்க வேண்டும். தண்ணீரை ஊற்றி வைத்துக் கிருமி இருக்கிறதா என்று ஊரிலேயே பார்க்கிற பாட்டில் அது, குவாலியர் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் 1982-ல் வெளியிட்ட முறை. மலத்தோடு வருகிற கிருமிகள் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை உண்டாக்கும், அது பாட்டிலில் இருக்கும் இரும்போடு சேர்ந்து கறுக்கும். கறுத்தால் குளோரினைச் சரிசெய்து, மறுபடியும் சோதித்து, லேபுக்கும் அனுப்புங்கள். கறுக்காவிட்டால் கிருமியே இல்லை என்று எழுதிக் கொடுக்கவும் முடியாது. பெட்டியில் இருக்கும் மருந்துகளுக்குக் காலாவதித் தேதி உண்டு, அதைப் பார்க்காமல் சோதித்தால் பலனில்லை.

டி.டி.எஸ். மீட்டரில் 150 காட்டுகிறது. நல்ல தண்ணீர்தானே?

உப்பு குறைவு, அவ்வளவுதான் தெரியும். அந்த மீட்டருக்குக் கிருமி தெரியாது, நைட்ரேட் தனியாகத் தெரியாது, ஃபுளோரைடும் தெரியாது. கலங்கிய குளத்து நீரிலும் 150 காட்டும். ஆர்.ஓ. விற்க வருகிறவர் மீட்டரை முக்கிக் காட்டிப் பயமுறுத்தினால், லேப் ரிப்போர்ட்டைக் கேளுங்கள்.

தேற்றான்கொட்டை, செம்புக்குடம், காய்ச்சுவது இதெல்லாம் போதாதா?

தேற்றான்கொட்டையை இழைத்துவிட்டால் கலங்கல் தெளியும், அது நம் முன்னோர் கண்ட உண்மை. தெளிந்த தண்ணீரில் குளோரின் நன்றாக வேலை செய்யும் என்பதால் இரண்டும் சேர்ந்தால் நல்லது. தெளிவு மட்டும் போதாது. செம்பில் ராத்திரி முழுக்க வைத்தால் கிருமி குறையும், பிடித்த உடனே மொண்டு குடித்தால் பலனில்லை. காய்ச்சுவது கிருமிக்கு நிச்சயமான வழி. ஆனால் ஊரில் எல்லா வீட்டுக்கும் கேஸ் செலவைத் தள்ளிவிட்டு ஊராட்சி ஒதுங்கிக்கொள்ளக் கூடாது.

தொட்டியை எப்போது கழுவ வேண்டும்?

மாதம் இரண்டு தடவை, 5ஆம் தேதியும் 20ஆம் தேதியும் கழுவி, கழுவிய தேதியையும் அடுத்துக் கழுவ வேண்டிய தேதியையும் தொட்டியில் எழுதி வைப்பது நம் மாநில வழக்கம். தண்ணீரை வடித்து, பக்கமும் அடியும் தேய்த்து, பிளீச்சிங் கரைசலால் துடைத்து, அலசி வெளியேற்றிவிட்டு நிரப்ப வேண்டும். எழுதிய தேதி மட்டும் மாறி, உள்ளே பாசி மாறாமல் இருக்கிறதா என்று குழுப் பெண்கள் கேட்க வேண்டும்.

மூடிக்கும் ஏணிக்கும் பூட்டு வேண்டும். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்கள் குடிக்கிற தொட்டியில் மனித மலம் கலந்திருந்தது தெரியவந்தது. பிள்ளைகள் நோய்வாய்ப்பட்ட பிறகுதான் தெரிந்தது. அதை நினைக்கும்போதெல்லாம் மனசு பதறுகிறது. ஒரு பூட்டால் சாதி வெறுப்பு தீராது. ஆனாலும் எந்தத் தெருவுக்கான தொட்டியாக இருந்தாலும் ஒரே மாதிரி மூடி, ஒரே மாதிரி பூட்டு, ஒரே மாதிரி குளோரின் கணக்கு இருக்க வேண்டும். காலனித் தொட்டி என்று தனியாக இருக்கிற ஊர்களில் நான் முதலில் ஏறிப் பார்ப்பது அதைத்தான்.

ஊரில் நாலைந்து பேருக்கு வயிற்றுப்போக்கு. தண்ணீராக இருக்குமோ?

இருக்கலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அந்த மணி நேரமே சொல்லுங்கள், மறைக்காதீர்கள். நோய் வந்த வீடுகளைத் தெரு வரைபடத்தில் புள்ளி வையுங்கள். ஒரே பைப்பில் வரிசையாக விழுந்தால் உடைப்பு அங்கேதான். குளோரினைக் கூட்டுவதற்கு முன்னால் மாதிரி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் காரணம் கடைசிவரை தெரியாது. ஆனால் லேப் முடிவுக்காகக் காத்திருக்காதீர்கள், மாதிரி எடுத்த கையோடு கடைசி வீட்டில் 0.5 வருகிறவரை குளோரினை ஏற்றுங்கள். உடைப்பைச் சரிசெய்ததும் அந்த லைனில் முதல் தண்ணீரைக் கடைசிக் குழாய் வழியே வெளியேற்றிவிட்டு, அளந்து பார்த்துவிட்டு விடுங்கள். அதுவரை காய்ச்சிக் குடிக்கச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவியுங்கள், வாட்ஸ்அப்பில் வந்தால் பாட்டிக்குத் தெரியாது.

உப்புக் கரைசல் பொட்டலம் இல்லாத வீட்டில், 1 லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலைதட்டி 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். 2022 ஜூலையில் காரைக்காலில் காலராவோடு வயிற்றுப்போக்கு பரவிப் பொது சுகாதார அவசரநிலையே அறிவிக்க வேண்டி வந்தது. காலரா பழைய காலத்து நோய் இல்லை. மஞ்சள் காமாலை வந்தால் இன்னொன்று: கிருமி உள்ளே போய் நோய் தெரிய வாரக்கணக்கில் ஆகும், அதனால் உடைப்பு ஏற்கெனவே அடைத்ததாகக்கூட இருக்கும். பழைய ரிப்பேர் கணக்கைப் புரட்டிப் பாருங்கள். கர்ப்பிணிகளை உடனே மருத்துவரிடம் அனுப்புங்கள், தண்ணீரில் வரும் காமாலை வகைகளில் ஒன்றான ஹெப்படைடிஸ் ஈ அவர்களுக்கு உயிராபத்து.

ஐ.எஸ். 10500 சட்டப்படி கட்டாயமா? தவறினால் அபராதம் உண்டா?

ஊராட்சி வழங்கும் தண்ணீருக்கு அந்தத் தரத்தை மீறினால் அபராதம் என்று அந்த ஆவணத்தில் இல்லை, அது தன்னார்வத் தரம். அதற்காக யாருக்கும் பொறுப்பில்லை என்று ஆகாது. மாசில்லாத தண்ணீர் அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1991-ல் சுபாஷ் குமார் வழக்கில் சொல்லிவிட்டது. ஜல் ஜீவன் திட்டத்தில் தலைக்கு 55 லிட்டர் என்பது அந்தத் தரத்துக்குட்பட்ட தண்ணீரைத்தான்.

ரிப்போர்ட்டை எங்களுக்குக் காட்ட மாட்டேன் என்கிறார்கள்.

கிராமசபையில் கேளுங்கள். வருடத்துக்கு ஆறு கூடுகிறது, அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்துக்கென்றே. கடந்த வருடச் சோதனை முடிவை வாசிக்கச் சொல்லித் தீர்மானத்தில் ஏற்றுங்கள். அங்கும் கிடைக்காவிட்டால் 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கொடுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். ஆனால் சண்டை போட்டு வாங்குகிற காகிதமாக இது இருக்கவே கூடாது. ரேஷன் கடைப் பலகையில் இருப்பு எழுதுகிற மாதிரி, ஊராட்சி அலுவலகச் சுவரில் அன்றைய குளோரின் அளவை எழுதுகிற ஊர்கள் இருக்கின்றன. அங்கே யாரும் மனு போடுவதில்லை.

பவுடர் வாங்கப் பணம் இல்லை என்கிறார் செயலர்.

15ஆவது நிதிக் குழு மானியத்தில் (2021–26) 30 சதவீதம் குடிநீருக்கென்றே ஒதுக்கியது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை 120 கிராம் என்றால் மாதம் 7 கிலோ சொச்சம்தான். பணம் இல்லை என்பதைவிட, வவுச்சர் போட நேரம் இல்லை என்பதே பல இடத்தில் உண்மை. மூட்டை தீருவதற்குப் பத்து நாள் முன்னாலேயே எழுத்தில் கேளுங்கள்.

பதிவேட்டில் என்ன எழுத வேண்டும்?

தேதி, மோட்டார் ஓடிய நேரம், போட்ட பவுடர், மூன்று இடத்துக் குளோரின், யார் அளந்தது. உடைப்பும் அடைப்பும் நடந்தால் எந்தத் தெரு, எந்த நாள். முப்பது நாளும் 0.5 என்று ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் எழுதியிருந்தால் அது உட்கார்ந்து எழுதியது. உண்மையான பதிவேட்டில் 0.4, 0.2, 0, மறுபடி 0.3 என்று ஏறி இறங்கும். பூஜ்யம் எழுதியவரைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த மாதத்திலிருந்து பூஜ்யமே வராது, தண்ணீர் மட்டும் அப்படியே இருக்கும்.

தொட்டி இயக்குபவர் லீவு போட்டால் என்ன செய்வது?

பெரும்பாலான ஊரில் அன்றைக்கு மோட்டாரைப் போட ஆள் வருவார், பவுடர் போட ஆள் வர மாட்டார். ஆகவே இரண்டாவது ஆளுக்கும் பயிற்சி வேண்டும், குழுப் பெண்களில் ஒருவராக இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் யாராக இருந்தாலும் துருப்பிடித்த ஏணியில் வாளியோடு ஏறச் சொல்லாதீர்கள். மாதம் சில ஆயிரம் சம்பளத்துக்கு, அறுபது வயதை நெருங்குகிறவர்கள் ஒரு கையில் வாளி, ஒரு கையில் கம்பி என்று ஏறுவதைப் பார்த்து நான் கீழே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். மோட்டார் ரூமிலேயே, தொட்டிக்கு ஏறும் பைப்பில் குளோரின் கரைசலைச் செலுத்துகிற சிறு கருவி இருக்கிறது. அதை மாட்டிவிட்டால் தினமும் ஏற வேண்டியதில்லை, மோட்டார் ஓடும்போதெல்லாம் மருந்தும் தானாகவே போகும். அடுத்த கிராமசபைக்கு இதையே முதல் தீர்மானமாகக் கொண்டுபோங்கள். அதுவரைக்கும் கோடு போட்ட டம்ளர், முகக்கவசம், கையுறை, தொட்டிச் சாவி நான்கும் ஒரே ஆணியில் தொங்கட்டும். பக்கத்திலேயே இரண்டு பேருடைய கைப்பேசி எண்ணையும் பெயிண்டில் எழுதி வையுங்கள்.